லூப்பில் சத்தமும் நீரோட்டக் குறைவும்: முதன்முறை அமைத்தவர்களுக்கான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கங்களில் திருமண வீடியோக்களைத் தொகுக்கும் ஸ்டூடியோக்காரர்களும், வீட்டு வரைபடங்களை முப்பரிமாணத்தில் செய்து தரும் இளைஞர்களும் தங்கள் கணினிக்குத் தாங்களே நீர்க்குளிர்ச்சி லூப் அமைத்துக்கொள்வதை இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காண முடிகிறது. பம்பு தள்ளும் நீர், சூடாகும் சிப்புகளின்மேல் பொருத்திய பிளாக் என்ற உலோகப் பெட்டிக்குள் ஓடி வெப்பத்தை வாங்கி, ஃபேன்கள் ஊதும் ரேடியேட்டரில் ஆறி, ரிசர்வாயர் என்ற சிறு தொட்டி வழியே மீண்டும் பம்புக்கு வரும் சுற்றையே லூப் என்கிறோம். அமைத்த சில வாரங்களில் அவர்களிடமிருந்து வரும் முறையீடுகள் பெரும்பாலும் இரண்டுதான்: ஒன்று, பம்புப் பக்கத்திலிருந்து வேண்டாத சத்தம் வருகிறது, மற்றொன்று, நீர் சரியாக ஓடவில்லை, அதனால் வெப்பநிலை ஏறுகிறது. இரண்டுக்கும் உடனே பம்பைப் பழிப்பதும், பம்பின் வேகத்தைக் கூட்டிப் பார்ப்பதும், அதுவும் பலிக்காவிட்டால் லூப் முழுவதையும் கழற்றிப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. என் கருத்தில் கழற்றுவது கடைசி வேலை. காதால் கேட்டும், கைவைத்துப் பார்த்தும், இரண்டொரு எண்களைக் குறித்துக்கொண்டும் குறை எங்கே என்று முக்கால்வாசி கண்டுபிடித்துவிடலாம்.

கழற்றுவதற்கு முன்

முதலில் நான்கு எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: அறையின் வெப்பநிலை, லூப்பில் ஓடும் நீரின் வெப்பநிலை, சிபியு அல்லது கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலை, பம்பின் சுழற்சி வேகம். இவற்றுள் பலர் குறிக்க மறப்பது முதல் எண்ணைத்தான். நம் பகுதியில் அதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது நீரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஆகவே ஒரு லூப்பின் நலத்தை நீரின் வெப்பநிலையைக் கொண்டு மட்டும் அளக்கக் கூடாது. நீருக்கும் அறைக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே அளக்க வேண்டும். மார்கழியில் அறை 24 டிகிரியாக இருக்கும்போது முழுச் சுமையில் 34 டிகிரி காட்டிய நீர், கத்திரி வெயிலில் அறை 36 டிகிரி ஆகும்போது 46 டிகிரி காட்டினால் லூப்பில் எந்தக் கோளாறும் இல்லை. வேறுபாடு இரண்டு பருவத்திலும் பத்து டிகிரிதான். சித்திரை, வைகாசியில் “நீரோட்டம் குறைந்துவிட்டது” என்று சொல்லப்படும் லூப்புகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குத் தேவை புதிய பம்பு அன்று. மதியத்தில் கனமான ரெண்டரிங் வேலையை (தொகுத்த வீடியோவையோ முப்பரிமாணப் படத்தையோ கணினி இறுதி வடிவமாக்குவதை)த் தவிர்த்து இரவுக்குத் தள்ளிவைப்பதே போதும்.

அறை வெப்பத்தைக் கழித்த பிறகும் வேறுபாடு கூடியிருந்தால், வெப்பம் எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். சுமை கொடுத்த சில நொடிகளிலேயே சிபியுவின் வெப்பநிலை மிக உயரத்துக்குத் தாவி, நீர் மட்டும் குளிர்ச்சியாகவே இருந்தால், பிளாக்குக்கும் சிபியுவுக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தப் பூசும் பேஸ்ட் சரியாகப் பரவவில்லை, அல்லது திருகுகள் சமமாக இறுகவில்லை, அல்லது பிளாக்குக்குள் நீர் மிகக் குறைவாகவே செல்கிறது என்று பொருள். மாறாக, வெப்பநிலை இருபது முப்பது நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறி, நீரும் கூடவே சூடானால், குறை ரேடியேட்டரிலோ அதன் ஃபேன்களிலோ இருக்கிறது. மழை பெய்யாத மாதங்களில் நம் ஊர்ச் செம்மண் தூசி ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே மென்மையான திரைபோலப் படிந்துவிடுகிறது. அதைத் துடைக்காமல் நீரோட்டத்தை ஆராய்வது வீண் வேலை. மெல்லிய தூரிகையால் தூசியைத் தளர்த்தி, ஃபேனைக் கழற்றியோ கையால் பிடித்துக்கொண்டோ காற்றூதியால் ஊதிவிட்டு, பிறகு எண்களை மீண்டும் குறியுங்கள். ஊதும்போது ஃபேன் தானாகச் சுழன்றால் அதன் பேரிங் கெடக்கூடும்.

சத்தத்தை இனங்காணுதல்

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தீர்மானிக்க, கணினியை வேலையின்றி ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன்களை மட்டும் சில நொடிகள் நிறுத்திப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் பம்பைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு ஃபேன்களை ஒவ்வொன்றாக ஆராயலாம். நிற்காவிட்டால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பம்பின் உடலில் மெல்ல ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். வண்டி மெக்கானிக்குகள் எஞ்சினில் பேரிங் சத்தத்தைத் தேடுவது இப்படித்தான். முனை சுழலும் ஃபேன் பக்கமோ மதர்போர்டு பக்கமோ போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பம்பிலிருந்து வரும் சத்தங்கள் எல்லாம் ஒரே வகையல்ல. கொடகொடவென்றோ சலசலவென்றோ விட்டு விட்டுக் கேட்டால் அது காற்று. கரகரவென்று இடைவிடாமல் அரைப்பதாகக் கேட்டால் பம்பின் சுழலியில் துகள் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது பம்பின் வயிற்றுக்குள்ளேயே பெரிய காற்றுக் குமிழி தங்கியிருக்கிறது. தாழ்ந்த குரலில் மேசையோடு சேர்ந்து உறுமினால் அது அதிர்வு. ரிசர்வாயரில் நீர் மேலிருந்து கீழே கொட்டும் ஓசை கேட்டால், திரும்பி வரும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. மட்டத்தை அந்த வாய் மூழ்கும் வரை உயர்த்தினாலே ஓசை அடங்கிவிடும்.

இன்னொரு சத்தம் உண்டு, அது பலரை ஏமாற்றுகிறது. கீச்சென்று மெல்லிய, உயர்ந்த ஓசை. விளையாட்டு ஓடும்போதோ ரெண்டரிங் நடக்கும்போதோ மட்டும் வரும். திரையில் காட்சி மாறும்போது அதன் சுருதியும் மாறும். இது பம்பு அன்று. கிராபிக்ஸ் கார்டிலோ பவர் சப்ளையிலோ உள்ள கம்பிச்சுருள்கள் மின்னோட்ட மாற்றத்தில் அதிர்வதால் வருவது. நீரையோ பம்பையோ எவ்வளவு மாற்றினாலும் இது போகாது. ஒரு நொடியில் திரையில் வரையப்படும் பிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் ஓரளவு குறையும்.

காற்றை வெளியேற்றுதல்

புதிய லூப்பில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றைத்தான். நீர் நிரப்பிய அன்றே எல்லாக் காற்றும் வெளியேறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிறு குமிழிகள் ரேடியேட்டரின் மேல்மூலைகளிலும் பிளாக்கின் நுண்பள்ளங்களிலும் ஒட்டிக்கொண்டிருந்து, நாட்கள் செல்லச் செல்ல விடுபட்டு வரும். ரேடியேட்டரின் வாய்கள் கீழ்நோக்கி இருக்கும்படி கேபினட்டின் மேற்புறத்தில் அது பொருத்தப்பட்டிருந்தால் காற்று அங்கே சிறைப்பட்டுவிடும்.

வெளியேற்றும் முறை இது. கணினியை முற்றிலும் நிறுத்தி, மதர்போர்டுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போகும் மின்கம்பிகள் அனைத்தையும் பிடுங்கிவிட்டு, பம்புக்குப் போகும் இணைப்பை மட்டும் விட்டுவையுங்கள். 24 முனை கொண்ட பெரிய மின்கம்பியின் வாயில் பொருத்துவதற்கென்றே சிறிய ஜம்பர் பிளக் விற்கிறார்கள். அதைச் செருகினால் பவர் சப்ளை மட்டும் தனியே இயங்கும். நீர் கசிந்தாலும் மின்சாரம் பாயாத பாகங்களுக்குச் சேதம் வராது என்பதே இந்த ஏற்பாட்டின் பயன். கம்பித்துண்டை வளைத்துச் செருகுவோரும் உண்டு; பழைய பவர் சப்ளைகளில் பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்தால் போதும் என்றாலும், இப்போது வருவனவற்றில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே இருப்பதால் தொடக்கக்காரர்கள் ஜம்பர் பிளக்கையே வாங்கிக்கொள்வது நல்லது.

ரிசர்வாயரின் மூடியைத் திறந்துவைத்து, பம்பை ஐந்து நொடி ஓடவிட்டு நிறுத்துங்கள், மட்டம் இறங்கியதும் நீரை ஊற்றுங்கள், மறுபடி ஓடவிடுங்கள். ரிசர்வாயர் எக்காரணம் கொண்டும் காலியாகக் கூடாது. இந்தப் பம்புகளின் பேரிங்குக்கு மசகும் குளிர்ச்சியும் தருவது ஓடும் நீரேதான். நீரின்றி ஓடினால் சில நிமிடங்களில் பழுதாகிவிடும். மட்டம் நிலைபெற்ற பிறகு மூடியை இறுக்கி, பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபினட்டை முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் மெதுவாகச் சாயுங்கள். ஒருவர் சாய்க்க மற்றவர் ரிசர்வாயரைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை எளிது. ரேடியேட்டரின் வாய் மேலே வரும் கோணத்தில் திடீரென்று குமிழிக் கூட்டம் ஒன்று ரிசர்வாயருக்குள் பொங்கி வருவதைக் கண்ணாலேயே காணலாம். மென்மையான டியூப் என்றால் ஆங்காங்கே விரலால் அழுத்திவிடுவதும் உதவும். பம்பின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மாற்றுங்கள். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடவிடுவதைக் காட்டிலும் நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதே ஒட்டிய குமிழிகளை விரைவில் பெயர்க்கிறது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் மின்வெட்டுக்குப் பிறகு கணினியைப் போட்டதும் கொடகொடவென்று சிறிது நேரம் சத்தம் கேட்பதும் இதே காரணத்தால்தான். உள்ளே இன்னும் காற்று மிஞ்சியிருக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி.

குமிழிகள் பெரிதாக இல்லாமல், நீர் முழுவதும் பால்போல் வெளுத்து நுண்ணுரையாக நின்று, இரண்டு நாளாகியும் தெளியாவிட்டால் அது வேறு வகை. பாகங்களைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவிச் சரியாக அலசாமல் விட்டிருப்பீர்கள், அல்லது புதிய ரேடியேட்டருக்குள் ஈயப் பற்றுவைப்பின் கழிவு தங்கியிருக்கும். நீரை வடித்துவிட்டு மீண்டும் மீண்டும் அலசுவதைத் தவிர இதற்கு வழி இல்லை.

பம்பின் வாய்க்கு நேர்மேலே ரிசர்வாயரில் சுழல் உண்டாகி, அதன் வழியே காற்று உறிஞ்சப்படுவதும் உண்டு. நீர்மட்டத்தை உயர்த்துவதும் வேகத்தைச் சற்றுக் குறைப்பதும் பெரும்பாலும் போதும். ஆனால் ரிசர்வாயரை விளிம்பு வரை நிரப்பிவிட வேண்டாம். நீர் சூடாகும்போது விரிவதற்கு மேலே ஒரு விரற்கடை இடம் இருக்க வேண்டும்.

அதிர்வும் அதன் எதிரொலியும்

காற்று போன பிறகும் உறுமல் இருந்தால், பம்பை ரிசர்வாயரோடு சேர்த்துப் பிடித்துக் கேபினட்டிலிருந்து மில்லிமீட்டர் அளவு தூக்கிப் பாருங்கள். பிடிப்புத் திருகுகளைத் தளர்த்தினால் போதும், நீர் இணைப்பைக் கழற்ற வேண்டியதில்லை. கையில் இருக்கும்போது சத்தம் அடங்கினால் பம்பு நலமாகவே இருக்கிறது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஸ்டூடியோவில், “அண்ணே, பம்பு போயிருச்சுண்ணே, புதுசு ஆர்டர் போட்டுரவா?” என்று தம்பி ஒருவர் பதறிக்கொண்டிருந்தார். கணினி பழைய பர்மாத் தேக்கு மேசை ஒன்றின்மேல், அகலமான பலகையின் நடுவில் இருந்தது. மேசையில் உள்ளங்கையை வைத்ததும் அதிர்வு நன்றாகவே உணரத் தெரிந்தது. கேபினட்டின் நான்கு கால்களுக்கும் கீழே தடித்த ரப்பர்த் துண்டுகளை வைத்ததும் பாதிச் சத்தம் போயிற்று, பம்பின் வேகத்தை ஐந்தாம் எண்ணிலிருந்து மூன்றுக்கு இறக்கியதும் மீதியும் போயிற்று. உள்ளே வெற்றிடமும் மேலே அகன்ற பலகையும் கொண்ட அந்த மேசை, வீணையின் குடம்போல், பம்பின் சிற்றதிர்வைப் பெருக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவே.

நம் பழைய வீடுகளின் அமைப்பும் இதில் ஒரு கை கொடுக்கிறது. ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தளமும், வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும், உயர்ந்த கூரையும் ஓசையை உறிஞ்சுவதில்லை. அப்படியே திருப்பி அனுப்புகின்றன. பட்டாலையை (வீட்டின் பெரிய கூடத்தை) ஒட்டிய அறையில் வைத்த கணினி, கம்பளமும் திரைச்சீலையும் நிறைந்த சிறிய அறையில் வைத்ததைவிடச் சத்தமாகத் தோன்றுவது இயல்பே. கேபினட்டை வெறுந்தரையில் வைக்காமல் தடித்த பாய் அல்லது ரப்பர் விரிப்பின்மேல் வைப்பதும், சுவர் மூலைக்குள் திணிக்காமல் சற்று விலக்கி வைப்பதும் நல்ல பலன் தரும்.

பம்பின் வேகத்தைப் பற்றி ஒரு சொல். பரவலாகப் பயன்படும் டி5 வகைப் பம்பு 12 வோல்ட்டில் இயங்குவது. அதன் திருகுவிசை மாதிரியில் பின்புறம் 1 முதல் 5 வரை எண் இருக்கும், சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,800 முதல் 4,800 வரை மாறும். வீட்டுக் கணினிக்கு ஐந்தாம் எண் அநேகமாகத் தேவைப்படாது. வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே கேட்டால், ஏதோ ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கேபினட் முழுவதும் சேர்ந்து பாடுவதையும், அதற்குச் சற்று மேலோ கீழோ போனதும் அமைதியாவதையும் காண்பீர்கள். அந்த வேகத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். டிடிசி வகைப் பம்பு உருவில் சிறியது, அழுத்தம் மிகுதியாகத் தருவது, ஆனால் சுருதி உயர்ந்தது, அடிப்புறம் நன்றாகச் சூடாவது. அதன் அடியில் காற்றோட்டம் இருக்க வேண்டும். நுரைப்பஞ்சுக்குள் மூழ்கடித்து அமைதிப்படுத்த முயன்றால் சூட்டினாலேயே அது கெடும்.

நீரோட்டத்தை அளத்தல்

எவ்வளவு நீரோட்டம் போதும் என்ற கேள்விக்குப் பள்ளிக்கூடக் கணக்கே விடை சொல்லும். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4,186 ஜூல் வேண்டும். சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 400 வாட் வெப்பம் தருகின்றன என்று கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், லூப்பின் ஒரு சுற்றில் நீர் ஏறக்குறைய 5.7 டிகிரி சூடாகும்; மூன்று லிட்டர் ஓடினால் 1.9 டிகிரிதான், அரை லிட்டர் என்றால் 11 டிகிரியைத் தாண்டும். நிமிடத்துக்கு மூன்று, நான்கு லிட்டருக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் கிடைப்பது ஓரிரு டிகிரிகூட இல்லை, சத்தம் மட்டுமே கூடும் என்பது இதிலிருந்து விளங்கும். “நீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் குளிர நேரம் கிடைக்காது” என்று சிலர் சொல்வதும் தவறு. அதே நீர்தான் திரும்பத் திரும்ப ரேடியேட்டருக்குள் வருகிறது. லூப்பில் எந்தப் பாகம் முன், எது பின் என்பதும் இதே காரணத்தால் பெரிய வேறுபாட்டைத் தருவதில்லை. ரிசர்வாயர் பம்புக்கு முன்னே, அதைவிட உயரத்தில் இருப்பது ஒன்றே கட்டாயம்.

அளப்பதற்கு மீட்டர் இல்லையென்றால் அரை லிட்டர் அளவுக்குவளையும் கைபேசிக் கடிகாரமும் போதும். முன்சொன்ன ஜம்பர் ஏற்பாட்டில், ரிசர்வாயருக்குத் திரும்பி வரும் டியூபின் முனையைக் கழற்றி, அதே உயரத்தில் பிடித்த குவளைக்குள் விடுங்கள். ரிசர்வாயர் காலியாகாதபடி இன்னொருவர் மேலே நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அரை லிட்டர் பத்து நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு மூன்று லிட்டர், அதாவது மணிக்கு 180 லிட்டர்; நீங்கள் தேடும் கோளாறு நீரோட்டத்தில் இல்லை. முப்பது நொடி ஆனால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர். காரணத்தைத் தேட வேண்டும். மீட்டர் பொருத்தியிருப்பவர்களும் ஒருமுறை இப்படி அளந்து பார்ப்பது நல்லது. மீட்டரின் சிறு சக்கரத்தில் ஒரு நூலிழை மாட்டினால் நீர் தாராளமாக ஓடும்போதே அது சுழியைக் காட்டும்.

பம்பின் சுழற்சி வேகமும் துப்புத் தரும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) பம்புக்குரிய இணைப்பு சாதாரண ஃபேனுக்கான வேக வளைவில் இருந்தால், கணினி குளிர்ச்சியாக இருக்கும்போதெல்லாம் பம்பையும் அது மெதுவாக்கிவிடும். புதியவர்களிடம் நான் அதிகம் காணும் காரணம் இதுவே. அதை நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள். பம்பின் மின்சாரம் பவர் சப்ளையிலிருந்து நேராக வருகிறதா என்றும் பாருங்கள். வேகம் இயல்பாக இருந்தும் நீர் குறைவாக ஓடினால் அடைப்பு. வேகம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டினால் பம்பு காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கக்கூடும்.

அடைப்பைத் தேடுதல்

முதலில் கண்ணுக்குத் தெரிவனவற்றைப் பாருங்கள்: கேபினட்டின் கதவை மூடும்போது நசுங்கும் டியூப், கூர்மையாக வளைந்து மடிந்த இடம், பாதி மட்டும் பூட்டிய விரைவிணைப்பு, பம்பின் உள்வாயும் வெளிவாயும் இடம் மாறிய இணைப்பு. சிபியு பிளாக்குகள் பலவற்றில் நீர் உள்ளே செல்ல வேண்டிய வாய் குறிக்கப்பட்டிருக்கும். மாற்றி இணைத்தாலும் நீர் ஓடும், ஆனால் குளிர்ச்சி குறையும். டியூபைப் பாகங்களோடு இணைக்கும் பிட்டிங்குகளில் தொண்ணூறு டிகிரி வளைந்தவற்றைப் பற்றி மிகவும் கவலைப்படுகிறார்கள். ஒன்றிரண்டினால் குடி முழுகிவிடாது.

இவற்றில் குறை இல்லையென்றால் பிரித்துச் சோதிக்க வேண்டும். பம்பையும் ரிசர்வாயரையும் மட்டும் ஒரு துண்டு டியூபால் இணைத்து அளந்து, பிறகு ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து அளந்துகொண்டே வாருங்கள். எதைச் சேர்த்ததும் அளவு சரிகிறதோ அதுவே குற்றவாளி. ஒரே சமயத்தில் இரண்டு பாகங்களை மாற்றினால் எது காரணம் என்று பிறகு தெரியாது. பொதுவாக நீருக்கு மிகுந்த தடை தருபவை சிபியு பிளாக்கும் கிராபிக்ஸ் கார்டு பிளாக்கும்தான். அவற்றின் செப்புத் தகடுகளுக்கிடையே உள்ள பள்ளங்கள் அரை மில்லிமீட்டருக்கும் குறுகலானவை என்பதால், லூப்பில் எங்கே தோன்றிய அழுக்கும் இறுதியில் அங்கேதான் வந்து அடைகிறது. பிளாக்கைத் திறந்தால் பள்ளங்களின் நடுவில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு கோடு படிந்திருப்பதைக் காண்பீர்கள். வெள்ளையாகப் பிசுபிசுப்பது பெரும்பாலும் தெளிவான மென்டியூபிலிருந்து ஊறி வந்த பிளாஸ்டிக் மென்மையூக்கி. பச்சையாக வழுவழுப்பது பாசி. இழைகளாக இருப்பது துடைத்த துணியின் மிச்சம். மெக்கானிக் கடைகளில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டால் பிட்டிங்குகளைத் துடைக்கவே கூடாது.

திறப்பதற்கு முன் ஒவ்வொரு நிலையிலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீர்த்தாரையைப் பிரிக்கும் மெல்லிய தகடு எந்தப் பக்கமாக இருந்தது என்பது பிறகு நினைவுக்கு வராது. மென்மையான பல்துலக்கியாலும் டிஸ்டில்டு வாட்டராலும் பள்ளங்களின் போக்கிலேயே தேய்த்தால் போதும். வெறும் செம்பு கறுத்திருந்தால் நீர் கலந்த வெள்ளை வினிகரில் சில நிமிடம் வைத்து நன்றாக அலசலாம். நிக்கல் பூசியதற்கு வினிகர் ஆகாது. நம் வீடுகளில் செம்பையும் பித்தளையையும் புளி போட்டுப் பளபளவென்று விளக்குவது வழக்கம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பிளாக்குக்குப் புளி வேண்டாம், அதன் நாரும் சக்கையும் பள்ளங்களுக்குள் போய்ப் புதிய அடைப்பாகிவிடும். அக்ரிலிக் பாகங்களை ஸ்பிரிட்டால் துடைத்தால் விரிசல் விடும்.

எந்த நீரை ஊற்றுவது

காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்று நீரின் சுவையைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். பெருமை நியாயமானதுதான், ஆனால் குடிக்க இனிய நீரிலும் உப்புகள் கரைந்திருக்கும். போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆர்ஓ நீரும் டிஸ்டில்டு வாட்டர் ஆகாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் நீரை வாங்குவதானால் முத்திரை உடையாத கேனாக வாங்கி, நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் சோதித்துப் பாருங்கள். சுழியை ஒட்டியே காட்ட வேண்டும். ஆசிட் இருந்த கேனில் ஊற்றித் தரும் நீரைத் தொடவே வேண்டாம். நல்ல டிஸ்டில்டு வாட்டரையும் தனியாக ஊற்றக் கூடாது. அரிப்புத் தடுப்பானும் பாசித் தடுப்பானும் அடங்கிய கூலன்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் கலக்க வேண்டும். நிறம் மினுங்கும் கூலன்ட்டுகளில் நுண்துகள்கள் இருப்பதால், அவை நாளடைவில் படிந்து அடைப்பை உண்டாக்கக்கூடும். படம் எடுப்பதற்கு அழகு, அன்றாட வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

செப்பு பிளாக்குள்ள லூப்பில் அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள். இரு வேறு உலோகங்கள் ஒரே நீரில் நனைந்திருந்தால் சிறு மின்கலம் ஒன்று உருவாகி, அலுமினியம் மெல்ல அரிக்கப்பட்டு, அதன் கழிவு பிளாக்கை அடைக்கும். 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பெற்ற நம் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆராய்ந்துவரும் துறைகளுள் இந்த உலோக அரிப்பும் ஒன்று. மலிவாகக் கிடைக்கிறதே என்று ரேடியேட்டரை வாங்கும்போது அது செம்பா, பித்தளையா, அலுமினியமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மீண்டும் பூட்டுதல்

ரப்பர் வளையங்கள் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, பிளாக்கின் திருகுகளைக் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். வளையம் பிதுங்கி நீர்வழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் கசிவும் அடைப்பும் ஒருங்கே வரும். நீர் ஊற்றுவதற்கு முன் காற்றழுத்தச் சோதனைக் கருவியால் 0.5 பார் அளவுக்குக் காற்றேற்றி அரைமணி நேரம் வைத்திருங்கள்; முள் இறங்காமல் இருக்க வேண்டும். இடையில் ஏசி போட்டு அறை குளிர்ந்தால் முள் மிகச் சிறிதளவு இறங்கும், அதைக் கசிவென்று எண்ண வேண்டாம். பிறகு ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ தாளைச் சுற்றிவைத்து, ஜம்பர் ஏற்பாட்டிலேயே நீரை நிரப்பிச் சில மணிநேரம் ஓடவிட்டு, தாள் எங்கும் நனையவில்லை என்று உறுதியான பின்பே மற்ற மின்கம்பிகளைச் செருக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பம்பின் உள்ளிருந்து கரகரப்பு நீங்காவிட்டால், நீரை வடித்துப் பம்பை மேலுறையிலிருந்து பிரித்துப் பாருங்கள். டி5 வகையில் சுழலி ஒரு பீங்கான் குண்டின்மேல் உட்கார்ந்திருக்கும். விரலால் மெல்லத் தூக்கினால் தனியே வந்துவிடும். அதன் கிண்ணத்தில் தலைமுடி, நூல், உலோகத் துருவல் ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டுக் கழுவி மீண்டும் வையுங்கள். குண்டில் கீறல் தெரிந்தாலோ, சுழலி உட்கார்ந்த இடத்தில் ஆட்டம் கொடுத்தாலோ பம்பை மாற்ற வேண்டியதுதான். அப்போதும் மேலுறையையும் ரிசர்வாயரையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. டி5 பம்புகள் பெரும்பாலும் ஒரே வடிவளவில் வருவதால் பழைய மேலுறையிலேயே புதியது பொருந்திவிடும். இடையிலுள்ள ரப்பர் வளையத்தை மட்டும் பழையதையே போடாமல் புதிதாக மாற்றிவிடுங்கள்.